வெற்றிலைச் சுண்ணாம்பும் கல்லில் படரும் பாசியும்



பெம்பானில் கடல் இல்லை. ரப்பரையும் செம்பனையும் பார்த்து வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்குக் கடல் என்றால் பள்ளி விடுமுறையில் ஒரு நாள் போய்வரும் இடம், அவ்வளவுதான். இப்படிப்பட்ட ஊரில் ஒரு தமிழாசிரியை உப்புநீர் மீன்தொட்டியைப் பற்றி எழுத வந்தால், "இவருக்கு எதற்கு இந்த வேலை?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. பதில் சொல்லிவிடுகிறேன். படிவம் நான்கு மாணவர்களுக்கு அறிவியல் சார்ந்த வாசிப்புப் பகுதி ஒன்று தேடினேன். தேடல் நீண்டு நீண்டு என் வீட்டு வரவேற்பறையில் 80 லிட்டர் தொட்டியாக வந்து உட்கார்ந்துவிட்டது.

தொட்டியில் இரண்டு கோமாளி மீன்கள், கொஞ்சம் மணல், கடையில் வாங்கிய வெள்ளைக் கற்கள். நான் எடுத்த படங்களில் மாணவர்கள் முதலில் மீனைத்தான் பார்த்தார்கள். ஒருத்தி மட்டும் கல்லைப் பார்த்தாள். "டீச்சர், புத்தகத்துல இருக்கற கல்லெல்லாம் ரோஸ் கலரா இருக்கு. உங்க கல்லு ஏன் எலும்பு மாதிரி இருக்கு?" என்றாள்.

நல்ல கேள்வி. உயிருள்ள பவளப்பாறையில் கல்மேல் ஊதாவும் ரோஜா நிறமும் கலந்து, பெயின்ட் அடித்ததுபோல் ஒரு படலம் இருக்கும். தொட்டுப் பார்த்தால் கல்லாகவே இருக்கும். நகத்தால் சுரண்ட வராது. அது கல் இல்லை, சாயமும் இல்லை. அது ஒரு பாசி. கடல்நீரிலிருந்து சுண்ணாம்பை எடுத்துத் தன் உடம்பின் சுவர்களில் ஏற்றிக்கொண்டு, கல்லோடு கல்லாகப் படரும் சிவப்புப் பாசி இனம்.

இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'பவளப்பாசி' என்று எழுதிப் பார்த்தேன். என் பாட்டியிடம் சொல்லியிருந்தால் கழுத்தில் போடும் பவள மாலை என்றுதான் நினைத்திருப்பார். நம் மொழியில் பாசி என்றால் குளத்துப் பாசியும் உண்டு, கோத்துப் போடும் பாசிமணியும் உண்டு. இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. பாசி என்ற சொல்லே பசுமையிலிருந்து வந்தது, இதுவோ சிவப்பு. ராமேஸ்வரம் பக்கத்தில் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்கள் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள்: மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை என்று. அவையெல்லாம் எடை போட்டு விற்கும் பாசிகள். கல்லோடு ஒட்டிக்கிடக்கும் இதை யார் எடைபோட்டு வாங்குவார்கள்? இந்தக் கட்டுரையில் இதைச் சுண்ணப்பாசி என்றே அழைக்கிறேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

முதலில், இது பாசி என்று கண்டுபிடிக்கவே எவ்வளவு காலம் ஆனது என்று பாருங்கள்.

1755-ல் லண்டன் வணிகர் ஜான் எல்லிஸ் இவ்வகை உயிர்களைப் பற்றி ஒரு பெரிய நூலே எழுதினார். பவளத்தைக் கட்டுவது சிறு விலங்குகள் என்ற உண்மை அப்போதுதான் ஐரோப்பாவில் நிலைபெற்று வந்தது. பார்க்கப் பவளம்போல் இருப்பதால் இதுவும் விலங்கின் வேலைதான் என்று அவர் முடிவு கட்டினார். லின்னேயஸும் 1758-ல் இதை விலங்குகளின் வரிசையிலேயே வைத்தார். தலைமையாசிரியர் சொன்னதை யார் மறுப்பது? ஏறக்குறைய 80 ஆண்டு அப்படியே ஓடியது. 1837-ல்தான் ருடோல்ஃப் பிலிப்பி என்ற ஜெர்மானியர், இவை தாவரங்களே என்று நிரூபித்து ஒரு கட்டுரை எழுதினார். லித்தோதாம்னியம் என்று ஓர் இனத்துக்குப் பெயரும் வைத்தார். கிரேக்கத்தில் 'கல் புதர்' என்று பொருள். அதற்கு முன்பு வழங்கிய பெயர் நல்லிபோரா, அதாவது துளை இல்லாதது. பவளத்தில் அதைக் கட்டிய சிற்றுயிர் குடியிருக்கும் துளைகள் உண்டு, இதில் இல்லை. விடை பெயரிலேயே இருந்திருக்கிறது.

அதற்கு ஓராண்டுக்கு முன், 1836 ஏப்ரலில், பீகிள் கப்பல் இந்தியப் பெருங்கடலில் கீலிங் தீவுக்கு வந்தது. இன்றும் மலாய்க் குடும்பங்கள் வாழும் தீவு அது. கப்பலில் வந்த இளைஞர் டார்வின், தீவைச் சுற்றிய பாறையின் வெளி விளிம்புக்கு நடந்து போய்ப் பார்த்தார். அலை வந்து மோதி உடையும் இடம். தண்ணீர் வடிந்து வெயில் அடித்தால் பவளம் அங்கே செத்துவிடும். அந்த இடத்தில் நல்லிபோரா மட்டும் தடித்த படலமாகப் படர்ந்திருந்தது. அலையின் அடியைத் தாங்கிக்கொண்டு, உள்ளே இருக்கும் பாறைக்கு அதுதான் காவல் என்பதை அவர் 1842-ல் வெளியிட்ட பவளப்பாறை நூலில் எழுதினார். வேலிக்குள் இருக்கும் பயிரைப் பற்றி எழுதியவர் பலர். வேலியைப் பார்த்து எழுதியவர் அவர்.

நம் பக்கத்துக் கடலில் இதைத் தேடிப் போனவர் ஒரு பெண்மணி. ஆன்னா வெபர் வான் பாஸ் என்ற டச்சுக்காரர். 1899, 1900 ஆண்டுகளில் சிபோகா என்ற கப்பலில் கணவரோடு இந்தோனேசியத் தீவுகளைச் சுற்றி வந்து பாசிகளைச் சேகரித்தார். நார்வேக்காரர் ஃபோஸ்லியோடு சேர்ந்து 1904-ல் அவர் வெளியிட்ட சுண்ணப்பாசி நூல் இன்றும் இந்தக் கடலுக்கு அடிப்படை நூல். அந்தக் காலத்தில் ஒரு பெண் கடலாய்வுக் கப்பலில் போவது சாதாரணம் இல்லை. நம் மாணவிகளுக்குச் சொல்ல வேண்டிய பெயர் இது.

அதே காலத்தில் பசிபிக்கில் ஃபுனாஃபுட்டி என்ற பவளத் தீவில் பிரிட்டன் அறிஞர்கள் துளை போட்டார்கள். 1896-ல் தொடங்கி 1898 வரை, சுமார் 340 மீட்டர் ஆழம். பவளத் தீவு எதனால் ஆனது என்று பார்ப்பதற்குத்தான். ஃபுனாஃபுட்டியில் பாறை கட்டுவோரை வரிசைப்படுத்தியபோது முதலிடம் சுண்ணப்பாசிக்குப் போனது. பவளத்துக்கு நான்காம் இடம்தான்! எல்லாப் பாறைகளுக்கும் இந்த வரிசை பொருந்தாது. ஆனாலும் பவளப்பாறை என்ற பெயரில் பாதிக் கடன் இருக்கிறது என்று தெரிந்துபோனது. பவளம் கல்லை அடுக்கும். இடையில் சாந்து பூசி இறுக்குவது இந்தப் பாசி.

சாந்து என்றதும் நம் கதைக்கு வருகிறேன்.

என் பாட்டி தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். இடுப்பில் சுருக்குப்பை, அதற்குள் சுண்ணாம்பு டப்பா. வெற்றிலையின் முதுகில் ஆட்காட்டி விரலால் சுண்ணாம்பைத் தடவும் அந்த அளவு இன்னும் கண்ணில் நிற்கிறது. கூடினால் வாய் வெந்துவிடும், குறைந்தால் சிவக்காது. அந்தச் சுண்ணாம்பு எங்கிருந்து வருகிறது என்று நான் கேட்டதே இல்லை. சிப்பியை, சங்கை, கடற்கரை ஊர்களில் பவளக் கல்லை, சூளையில் சுட்டு நீர் தெளித்துப் பூக்க வைத்ததுதான் சுண்ணாம்பு. கடல் உயிர் ஒவ்வொன்றும் நீரிலிருந்து பொறுக்கிச் சேர்த்ததை நாம் நெருப்பில் போட்டு எடுக்கிறோம்.

சொல்லின் கதையும் சுவையானது. சுண்ணம் என்றால் பொடி. மாணிக்கவாசகரின் திருப்பொற்சுண்ணத்தில் வருவது நறுமணப் பொடி. அது சுண்ணாம்பாகி, ஆங்கிலேயர் வாயில் 'சுனாம்' ஆகிக் கடல் கடந்தது. சிங்கப்பூரில் செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்துக்கு 1856-ல் அடிக்கல் நாட்டினார்கள். கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள். சுவருக்குப் பூசியது மெட்ராஸ் சுனாம்: சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக் கரு, கருப்புச் சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர். காய்ந்த பிறகு கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பு ஏற்றினார்கள். கைதிகளைக் கண்காணித்த அதிகாரி மெக்நேர் 1899-ல் எழுதிய நூலில் இந்தச் செய்முறை இருக்கிறது. பூசிய கைகளின் பெயர்கள் எங்கே இருக்கின்றன என்று நான் கேட்டால் கட்டுரை வேறு பக்கம் போய்விடும். விட்டுவிடுகிறேன்.

மன்னார் வளைகுடாவில் இது இன்னும் பெரிய கணக்கு. தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை 21 தீவுகள். அவற்றைச் சுற்றியிருந்த பவளக் கல்லை வெட்டி வள்ளம் வள்ளமாகக் கொண்டுபோனார்கள். சுண்ணாம்புச் சூளைக்கும் போனது, வீடு கட்டவும் போனது, ஆலைகளுக்கும் போனது. 1986-ல் அந்தக் கடல் தேசியப் பூங்கா ஆனது. 2001-ல் பாறை கட்டும் பவளங்கள் புலிக்கும் யானைக்கும் உரிய முதல் அட்டவணைப் பாதுகாப்பில் சேர்ந்தன. ஆனாலும் வெட்டு முற்றாக நின்றது 2004 சுனாமிக்குப் பிறகுதான். தீவும் பாறையும் முன்னால் இருந்த ஊர்களில் அலை எப்படி வந்தது, இல்லாத ஊர்களில் எப்படி வந்தது என்பதை மக்கள் கண்ணால் பார்த்தார்கள். சட்டம் சொன்னபோது ஏறாதது அன்றைக்கு ஏறியது.

இந்தச் சுரண்டல் கதைக்கு நேர் எதிர்த் திசையில் ஓடிய இன்னொரு வரலாறு உண்டு. கடலுக்குச் சுண்ணாம்பைத் திருப்பிக் கொடுக்கக் கற்றவர்களின் வரலாறு. அது கடலில் தொடங்கவில்லை, கண்ணாடித் தொட்டியில் தொடங்கியது.

நம்மவர்களுக்குத் தொட்டி புதிதல்ல. சென்னை மெரினாவில் 1909-லேயே மீன்காட்சியகம் திறந்தார்கள். ராமேஸ்வரத்துக் கடலுயிர்களையும் முத்து, சங்குக் குளிப்பையும் பற்றி எழுதிய எட்கர் தர்ஸ்டன் மேற்பார்வையாளராக இருந்த மெட்ராஸ் அருங்காட்சியகத்தின் முயற்சி அது. இரண்டாம் உலகப் போரின்போது மூடப்பட்டது. அந்தக் காலத்துத் தொட்டிகளில் மீனைக் காட்ட முடிந்தது. பாறையை உயிரோடு வைத்திருக்க யாருக்கும் தெரியாது. பவளத்தைப் போட்டால் சில வாரத்தில் வெளுத்து எலும்பாகிவிடும்.

அதை மாற்றியவர் நமக்கு மிகப் பக்கத்தில், ஜகார்த்தாவில் இருந்தார். லீ சின் எங். 1961-ல் ஓர் அமெரிக்க மீன்வளர்ப்பு இதழில் அவர் தன் முறையை எழுதினார். இயற்கை முறை என்று பெயர் வைத்தார். பெரிய வடிகட்டி இல்லை, மருந்து இல்லை. கடலிலிருந்து உயிர்கள் ஒட்டிய கல்லை அப்படியே கொண்டுவந்து, கடல்நீரில் வைத்து, வெயில் காட்டி, காற்றுக் குமிழி மட்டும் விட்டார். கல்லே வடிகட்டியாக வேலை செய்தது. ரோஜா நிறம் கல்லில் நிலைத்தது. உலகம் முழுவதும் இன்று 'உயிர்க்கல்' என்று விற்கப்படுவதற்கு மூலம் அந்தக் கட்டுரைதான்.

ஆனால் கல்லில் இருந்த பாசி நாளாக நாளாக நின்றுபோனது பலருக்கு. காரணம் எளிது. பாசியும் பவளமும் நீரிலுள்ள சுண்ணச்சத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். கடலில் அது தீராது, தொட்டியில் தீர்ந்துவிடும். சுவிட்சர்லாந்துக்காரர் பீட்டர் வில்கென்ஸ் 1970-களில் இதற்கு மருந்து சொன்னார். ஜெர்மன் மொழியில் அதன் பெயர் கால்க்வாஸர். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கால்க் என்றால் சுண்ணாம்பு, வாஸர் என்றால் நீர். நம் சுண்ணாம்புத் தண்ணீரேதான்! நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கித் தெளிய விட்டு, மேலே நிற்கும் தெளிவை மட்டும் எடுத்துத் தொட்டியில் சொட்டுச் சொட்டாக விடுவது. ஆவியாகிப் போகும் நீருக்குப் பதிலாக இந்த நீர். பெர்லினில் டீட்ரிக் ஸ்டூபரும் நண்பர்களும் உயிர்க்கல், நுரைவடிகட்டி, சுண்ணாம்புத் தண்ணீர் மூன்றையும் சேர்த்துப் பவளத்தை வளர்த்தார்கள். ஒடித்துப் பிறருக்குக் கொடுக்கும் அளவுக்கு வளர்த்தார்கள். பெர்லினுக்கும் கடலுக்கும் உள்ள தூரத்தைப் பார்த்தால், பெம்பான் எவ்வளவோ தேவலை.

வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் 1980-ல் ஒரு பவளப்பாறைத் தொட்டி பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அதை அமைத்த வால்ட்டர் ஏடி யார் தெரியுமா? மீன் ஆள் இல்லை, பவள ஆளும் இல்லை. பல ஆண்டு சுண்ணப்பாசியை ஆராய்ந்தவர். பாறையின் சாந்தைப் படித்தவர்தான் பாறையை அறைக்குள் கட்டினார்.

இனி, எப்படி வளர்ப்பது என்பது. வரலாற்றுக் கட்டுரையில் இது எதற்கு என்று கேட்காதீர்கள். அந்த மாணவிக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும்.

இயற்கைக் கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 410 மில்லிகிராம் கால்சியமும் 1,300 மில்லிகிராம் அளவில் மெக்னீசியமும் இருக்கின்றன. சுண்ணப்பாசி கட்டும் சுண்ணாம்பில் மெக்னீசியம் நிறையக் கலந்திருக்கும். அதனால் கால்சியத்தை மட்டும் பார்த்துக்கொண்டு மெக்னீசியத்தை மறந்தால் படலம் நின்றுவிடும். மூன்றாவது காரத்தன்மை. கடல்நீரில் அது ஜெர்மன் அளவையில் 7 பாகை அளவில் நிற்கும். தொட்டிக்காரர்கள் 8, 9 என்று வைத்துக்கொள்வார்கள். எண்ணைவிட முக்கியம் அது ஆடாமல் இருப்பது. இன்றைக்கு 7, நாளைக்கு 11 என்று குதித்தால் பாசி வெளுத்துவிடும்.

எதிரி பாஸ்பேட். மீன் உணவு மிஞ்சினால் சேரும். 1964-லேயே கென்னத் சிம்கிஸ் என்ற ஆய்வாளர் பாஸ்பேட்டைப் படிகங்களுக்கு நஞ்சு என்று எழுதினார். சுண்ணாம்புப் படிகம் வளரும் இடத்தில் அது போய் ஒட்டிக்கொண்டு வளர்ச்சியைத் தடுக்கும். கூடவே பச்சை நூல்பாசிக்கு அது உரம். நூல்பாசி மேலே மூடினால் கீழே சுண்ணப்பாசி மூச்சுத் திணறும். ஆக, பிள்ளைகள் பாசத்தோடு மீனுக்கு ஒரு கைப்பிடி கூடுதலாகப் போடும்போது கல்லின் சிவப்பு போகிறது.

வெளிச்சம் அளவோடு போதும். பல இனங்கள் நிழலில்தான் முதலில் பிடிக்கும். கல்லின் அடிப்புறம், கண்ணாடியின் மூலை. வெக்கை நம் ஊரின் தலைவலி. மூடிய அறையில் பகலில் நீர் 31 பாகை தாண்டிவிடும். மேலே ஒரு சிறு மின்விசிறி வைத்தால் இறங்கும், ஆனால் நீர் வேகமாக ஆவியாகும். என் தொட்டியில் நாளுக்கு ஒன்றரை லிட்டர் போகிறது. அந்த ஒன்றரை லிட்டர்தான் சுண்ணாம்புத் தண்ணீருக்கு இடம்.

இங்கே நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். ஒரு திங்கட்கிழமை காலை, பள்ளிக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில், சொட்ட விட வேண்டியதை ஒரே ஊற்றாக ஊற்றிவிட்டேன். தெளிந்த சுண்ணாம்பு நீரின் காரம் சாதாரணமில்லை, பிஎச் 12-க்கு மேல். தண்ணீர் பாலாகிவிட்டது. ஊற்றிய சுண்ணாம்பு முழுக்க வெண்பொடியாகி மணலில் படிந்தது. மாலை வந்து பார்த்தபோது மீன் இரண்டும் மிதந்தன. கூடினால் வாய் வெந்துவிடும் என்று பாட்டி ஒரு விரல் நுனியில் அளந்ததை நான் ஒரு குடுவையில் கோட்டைவிட்டேன். இப்போது இரவில்தான் விடுகிறேன், ஊசிக்குழாயில், வினாடிக்கு ஒரு சொட்டுக்கும் குறைவாக. இரவில் நீரின் பிஎச் தானாகவே இறங்கும். அந்த இறக்கத்தைச் சுண்ணாம்பு ஈடுகட்டும்.

இன்னொன்று: வெற்றிலைச் சுண்ணாம்பையே போடலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம். பொருள் ஒன்றுதான், ஆனால் வாசனையும் சாயமும் என்னென்ன கலந்திருக்கும் என்று டப்பாவில் எழுதியிருக்காது. உணவுத் தரத்துத் தூய கால்சியம் ஹைட்ராக்ஸைடு தனியாகக் கிடைக்கிறது. லிட்டருக்கு ஒன்றரை கிராம் அளவே கரையும். சர்க்கரை சுடுநீரில் கூடுதலாகக் கரையும். சுண்ணாம்பு அதற்கு நேர்மாறு, சூடு ஏற ஏறக் குறைவாகக் கரையும். வேதியியல் ஆசிரியரிடம் சொன்னேன், அவரே அதை வகுப்பில் செய்து காட்டினார். வெற்றிலை சிவப்பதும் கல் சிவப்பதும் ஒன்று என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. வாய் சிவப்பது பாக்கும் சுண்ணாம்பும் சேர்வதால். பாசியின் சிவப்பு அதன் உடலிலேயே உள்ள நிறமி; நீருக்குள் எட்டும் நீல, பச்சை ஒளியைப் பிடிக்க அது வைத்திருக்கும் வலை.

இவ்வளவு செய்தும் என் கல் வெள்ளையாகவே இருந்தது. காரணம் அப்புறம்தான் உறைத்தது. காய்ந்த கல்லில் விதை இல்லை! உப்பும் சுண்ணாம்பும் வயலும் உரமும்தான், நாற்று எங்கே?

அந்த மாணவி உடனே வழி சொன்னாள். "டீச்சர், எங்கப்பா போர்ட்டிக்சனுக்கு லாரி ஓட்டறாரு. தஞ்சோங் துவான்ல நெறைய கல்லு கெடக்கு. ஒன்னு எடுத்துட்டு வரச் சொல்லவா?"

தஞ்சோங் துவான் தெரியும்தானே? போர்ட்டிக்சன் அருகே இருந்தாலும் நிலம் மலாக்காவுக்குச் சொந்தம். போர்த்துகீசியர் காலத்திலிருந்து கலங்கரை விளக்கம் நிற்கும் மலைமுனை. அதன் அடியில், சேறு கலங்கும் மலாக்கா நீரிணையின் கரையோரத்தில், இன்னும் பவளப்பாறை இருக்கிறது. மேற்குக் கரையில் இப்படி மிஞ்சியிருப்பவை சொற்பம். மலாயாப் பல்கலைக்கழகத்தார் பாசிகளைப் படிக்கப் போகும் இடமும் அதுதான். கடல் பூங்காக்களில் பவளத்தை எடுப்பது 1985-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி குற்றம் என்று நான் அவளுக்குச் சொல்லத் தொடங்கினேன். பாதியில் நிறுத்தினேன். சட்டம் சொல்லி முடிக்கிற விஷயமா இது? லீ சின் எங் எடுத்ததும் கடல் கல்தான். அவருக்குப் பின்னால் ஃபிஜியிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் பெட்டி பெட்டியாக உயிர்க்கல் விமானம் ஏறியது. நான் இவ்வளவு நேரம் பெருமையாகச் சொன்ன வரலாறு முழுவதும் ஏதோ ஒரு பாறையைப் பெயர்த்து எடுத்த வரலாறு. இதை மறைத்து அவளுக்குப் பாடம் நடத்த எனக்கு மனம் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஒரு கல்லுதானே டீச்சர்?" என்றாள்.

வான் தீவின் கதையைச் சொன்னேன். தூத்துக்குடிக்கு எதிரே உள்ள தீவு. 1986-ல் 16 ஹெக்டேர் இருந்தது, 2014-ல் 2 ஹெக்டேர். சுற்றிலும் பாறையை வெட்டி எடுத்தபின் அலைக்குத் தடை இல்லை, மண் கரைந்தது. அதே வளைகுடாவில் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போயே விட்டன. ஒவ்வொரு வள்ளக்காரரும் எடுத்தது சில கல்தான்.

2015-ல் தொடங்கி வான் தீவுக்கு முன்னால் கடலடியில் சிமெண்ட்டுப் பாறைகளை வரிசையாக இறக்கினார்கள். தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையம் 2002-லிருந்தே சிமெண்ட்டுச் சட்டங்களில் பவளத் துண்டுகளைக் கட்டி வளர்த்து வருகிறது. கடலில் வெறும் சிமெண்ட்டை இறக்கினால் என்ன நடக்கும்? முதலில் வழுவழுப்பு, பிறகு பழுப்புப் படிவு, பிறகு நீர் தெளிவாகவும் மேயும் மீன்கள் நிறையவும் இருந்தால் ரோஜா நிறப் புள்ளிகள். பவளத்தின் குஞ்சு நீரில் மிதந்து வரும்போது எங்கே உட்காருவது என்று தேடும். 1988-ல் கலிஃபோர்னியாவின் மோர்ஸ் தம்பதி கரிபியன் பவளத்தில் கண்டது இதுதான்: சுண்ணப்பாசியின் செல்சுவரில் உள்ள ஒரு பொருள், குஞ்சுக்கு 'இங்கே உட்கார்' என்று சொல்கிறது. அது இல்லாத கல்லில் குஞ்சு உட்காராமல் சுற்றிக்கொண்டே இருக்கும். எல்லாப் பவளமும் எல்லாச் சுண்ணப்பாசியையும் ஏற்பதில்லை, ஒவ்வொன்றுக்கும் ஒரு பிடித்தம் உண்டு. ஆனாலும் தூத்துக்குடிக் கடலடிச் சிமெண்ட்டும் என் வரவேற்பறைக் கல்லும் காத்திருந்தது ஒரே விருந்தாளிக்குத்தான்.

கடைசியில் கல் எடுக்கவில்லை. கோலாலம்பூரில் நெடுங்காலமாகத் தொட்டி வைத்திருக்கும் நண்பர் ஒருவர், தன் தொட்டியிலேயே பிறந்து வளர்ந்த நத்தை மூன்று கொடுத்தார். ஓடு முழுக்க ஊதா. அதோடு தன் கண்ணாடியில் படிந்திருந்ததைக் கத்தியால் சுரண்டி, ஒரு சின்னப் புட்டியில் நீரோடு போட்டுத் தந்தார். பம்பை நிறுத்தாமல், ஓடும் நீரில் அதைத் தூவச் சொன்னார். நாற்று நடுவதுதான்.

ஒன்பதாவது வாரம் பம்பின் பிளாஸ்டிக் முதுகில் குண்டூசித் தலை அளவு ஒரு புள்ளி. கல்லை விட்டுவிட்டுப் பிளாஸ்டிக்கில்! பதினான்காவது வாரம் கல்லின் அடியில் நான்கு. மாணவி அளவுகோல் கேட்டாள். படத்தில் அளக்க முடியாது, நேரில் வா என்றேன். தன் அப்பாவோடு ஒரு சனிக்கிழமை வந்தாள். லாரிக்காரர் தொட்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, "இது பாசியாங்க? நாங்க கல்லுன்னுல்ல நெனச்சோம்," என்றார். பெரிய புள்ளி 6 மில்லிமீட்டர். அவள் நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டாள். அடுத்த அளவு மார்ச் மாதம்.